காபி குடிப்பது கூடுமா, கூடாதா? 1511-ல் மக்காவில் நடந்த விசாரணையும் இன்றைய ஃபார்வர்டுகளும்

'காபி குடிப்பது மார்க்கத்தில் கூடுமா?' என்று போனில் தட்டிப் பார்ப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கேட்பவர் பெரும்பாலும் வேலைக்குப் போகும் இளைஞராக இருப்பார். காலையில் ஒன்று, மீட்டிங்குக்கு முன்னால் ஒன்று, நாலு மணிக்கு ஒன்று என்று வண்டி ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு வந்து விழும். 'கஃபைன் ஒரு போதைப்பொருள், போதை எல்லாமே ஹராம், யோசியுங்கள்' என்று. கையில் இருக்கும் டம்ளர் ஒரு நொடி அப்படியே நின்றுவிடும்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். கூடும். ஹனஃபி, ஷாஃபிஈ, மாலிகி, ஹன்பலி என்ற நான்கு மத்ஹபுகளின் அறிஞர்களும் இன்று காபியை ஆகுமானது என்றே சொல்கிறார்கள். ஷியா அறிஞர்களும் அப்படித்தான். மக்காவும் மதீனாவும் இருக்கிற சவூதி அரேபியா, 2022-ஐ 'சவூதி காபி ஆண்டு' என்று அறிவித்தே கொண்டாடியது. அரபுக் காபியை விருந்தோம்பலின் அடையாளமாக 2015-ல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்க வைத்ததும் சவூதி, அமீரகம், ஓமன், கத்தார் ஆகிய நாடுகள்தான்.

அவ்வளவுதானா விஷயம்? இல்லை. இந்த ஒற்றை வரி பதிலுக்கு வந்து சேர நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. இன்று காபியை ஊற்றி விருந்தாளியை வரவேற்கும் அதே மக்காவில், ஒரு காலத்தில் காபிக்கொட்டையைத் தெருவில் போட்டு எரித்திருக்கிறார்கள். விற்றவர்களுக்கு அடி விழுந்திருக்கிறது. என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டால், இன்றைய ஃபார்வர்டை எந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதும் புரியும்.

தூக்கத்தை விரட்ட வந்த பானம்

காபிச் செடியின் பூர்வீகம் எத்தியோப்பியா. ஆனால், அதை இன்று நமக்குத் தெரிந்த பானமாகப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்கள் செங்கடலுக்கு அந்தப் பக்கம் யேமனில் இருந்த சூஃபிகள். காலம் 15-ம் நூற்றாண்டு. இரவெல்லாம் விழித்திருந்து திக்ரு செய்பவர்களுக்குத் தூக்கம்தான் பெரிய எதிரி. அதை விரட்ட ஒரு பானம் கிடைத்தது, பிடித்துக்கொண்டார்கள். ஏடனைச் சேர்ந்த அல் தபானி என்ற மார்க்க அறிஞர்தான் இதைப் பரப்பினார் என்று ஒரு மரபும், மோக்கா துறைமுகத்தின் அலி இப்னு உமர் அஷ்ஷாதுலி என்று இன்னொரு மரபும் உண்டு. எது சரியோ, இரண்டிலுமே காபி வந்தது தொழுகை விரிப்பின் பக்கத்திலிருந்துதான். இதைக் கவனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. காபி ஏதோ வெளியிலிருந்து வந்து முஸ்லிம்களைக் கெடுத்த பானம் அல்ல.

அங்கிருந்து மாணவர்கள், வியாபாரிகள், ஹாஜிகள் வழியாக மக்காவுக்கும் கெய்ரோவுக்கும் போனது. கெய்ரோவின் அல் அஸ்ஹரில் இருந்த யேமன் மாணவர்கள், பெரிய மண் பாத்திரத்தில் காபி வைத்து, தலைவர் அகப்பையால் மொண்டு ஒவ்வொருவருக்காகக் கொடுக்க, ஓதிக்கொண்டே குடித்தார்கள் என்று 16-ம் நூற்றாண்டுக் குறிப்புகள் சொல்கின்றன.

சிக்கல் பெயரிலேயே ஆரம்பித்தது. 'கஹ்வா' என்ற அரபுச் சொல் காபிக்காகப் பிறந்தது அல்ல. பழைய அரபுக் கவிதைகளில் அது மதுவின் பெயர்களில் ஒன்று. மதுவின் பெயர், இரவு நேரம், ஒரே கிண்ணம் கைமாறிக் கைமாறிப் போவது. தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

விளக்கை அணைத்ததால் வந்த வினை

1511-ம் ஆண்டு ஜூன் மாதம். மக்கா அப்போது மம்லூக் சுல்தான்களின் ஆட்சிக்குக் கீழே. சந்தையையும் பொது ஒழுக்கத்தையும் கண்காணிக்கும் முஹ்தஸிபாக இருந்தவர் காயிர் பேக். ஒருநாள் இரவு, கஅபாவைச் சுற்றியுள்ள பள்ளிவாசல் வளாகத்தில் சிலர் விளக்கு வைத்துக்கொண்டு கூடியிருப்பதைப் பார்க்கிறார். அவர் நெருங்கியதும் அவர்கள் விளக்கை அணைத்துவிடுகிறார்கள். அதிகாரிக்குச் சந்தேகம் வர வேறென்ன வேண்டும்? விசாரித்தால், குடித்துக்கொண்டிருந்தது கஹ்வா. மக்காவில் இதற்கென்றே கடைகள் இருக்கின்றன, அங்கே ஆட்களும் சேர்கிறார்கள் என்பதும் தெரியவருகிறது.

மறுநாள் மார்க்க அறிஞர்களைக் கூட்டுகிறார். ஒரு பெரிய பாத்திரத்தில் காபியும் சபைக்குக் கொண்டுவரப்படுகிறது, ஏதோ குற்றவாளியைக் கூண்டில் ஏற்றுவதுபோல. இங்கேதான் ஒரு முக்கியமான விஷயம் நடந்தது. கூட்டம் கூடி அரட்டை அடிப்பது தவறு என்று அறிஞர்கள் சட்டென்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால், பானத்தைப் பற்றிக் கேட்டபோது அவர்கள் அவ்வளவு வேகமாக 'ஹராம்' என்று சொல்லவில்லை. தடைக்கு ஆதாரம் இல்லாதவரை எந்தப் பொருளும் ஆகுமானதே என்பது இஸ்லாமியச் சட்டத்தின் அடிப்படை விதிகளில் ஒன்று. ஆகவே, இது உடலுக்கோ புத்திக்கோ கெடுதல் என்று மருத்துவர்கள் சொன்னால்தான் மேற்கொண்டு பேச முடியும் என்றார்கள்.

மருத்துவர்கள் தயாராக இருந்தார்கள். பாரசீகப் பின்னணி கொண்ட இரண்டு சகோதரர்கள். அந்தக் கால மருத்துவப்படி காபி 'குளிர்ச்சியும் வறட்சியும்' உள்ளது, உடலுக்கு ஆகாது என்றார்கள். பழைய மருத்துவ நூலில் இதைப் பற்றி நல்லவிதமாக எழுதியிருக்கிறதே என்று சபையில் ஒருவர் கேட்டதற்கு, அது வேறு செடி என்று பதில் வந்தது. பிறகு சாட்சிகள். குடித்தால் புத்தி மாறுகிறது என்று சிலர் சொன்னார்கள். காபி மதுவைப் போலவே போதை தருகிறது என்று ஒருவர் சொல்லப்போய், 'அப்படியானால் மது எப்படி இருக்கும் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?' என்ற கேள்வியில் மாட்டிக்கொண்டு, குடித்ததை ஒப்புக்கொண்டு, தண்டனை வாங்கினார் என்று ஒரு கதை வழிவழியாகச் சொல்லப்படுகிறது. உண்மையோ இல்லையோ, சபை எந்த லட்சணத்தில் நடந்தது என்பதை அந்தக் கதை காட்டிவிடுகிறது.

தீர்ப்பு எதிராக வந்தது. காபி தடை செய்யப்பட்டது. கொட்டை எரிந்தது. அடி வாங்கியவர்கள் யார் என்று பார்த்தால், சபையில் உட்கார்ந்து வாதாடியவர்கள் அல்ல. பாத்திரம் வைத்துக் கிண்ணம் கிண்ணமாக விற்றுப் பிழைத்தவர்கள்.

அறிக்கை கெய்ரோவுக்குப் போனது. சுல்தான் கான்சூ அல் கவ்ரியிடமிருந்து வந்த பதில் காயிர் பேக் எதிர்பார்த்தது இல்லை. ஒழுங்கீனமான கூட்டங்களைத் தடுக்கச் சொன்னதே தவிர, பானத்தை முழுசாகத் தடை செய்யச் சொல்லவில்லை. அடுத்த ஆண்டே காயிர் பேக்கின் பதவியும் போனது. மக்கா மறுபடி காபி குடிக்க ஆரம்பித்தது. இந்த நிகழ்வுகள் இவ்வளவு விவரமாக இன்று தெரிவதற்குக் காரணம், அப்துல் காதிர் அல் ஜஸீரி என்பவர் 16-ம் நூற்றாண்டின் நடுவில் காபி ஹலால் என்பதை நிறுவவே ஒரு தனி நூல் எழுதியதுதான்.

எதிர்த்தவர்கள் முட்டாள்களா?

இந்தக் கதையைச் சொல்லும்போது எதிர்த்தவர்களைக் கேலி செய்துவிட்டுப் போவது சுலபம். அது நியாயமாக இருக்காது. அவர்கள் முன்னால் இருந்தது நிஜமான கேள்வி. திருக்குர்ஆன் மதுவைத் தடுக்கிறது. நபிமொழிகள் அந்தத் தடையைப் போதை தரும் எல்லாவற்றுக்கும் விரிக்கின்றன. அதிகமாகக் குடித்தால் போதை தரும் என்றால் கொஞ்சம் குடிப்பதும் கூடாது என்கின்றன. இப்போது ஒரு புதிய பானம் வருகிறது. குடித்தால் ஏதோ ஒரு மாற்றம் தெரிகிறது. மனசு சுறுசுறுப்பாகிறது, பேச்சு அதிகமாகிறது, சிலருக்குக் கை நடுங்குகிறது. இந்த மாற்றத்துக்கு என்ன பெயர்? எல்லா மாற்றமும் போதையா?

ஆதரித்தவர்கள் பிடித்த நூல் இதுதான். மது தடுக்கப்பட்டதன் காரணம் அது புத்தியை மூடுகிறது என்பது. காபி மூடவில்லை, தூங்கப் பார்க்கும் புத்தியைத் தட்டி எழுப்புகிறது. காரணம் இல்லாத இடத்தில் தடையைக் கொண்டுபோய் ஒட்ட முடியாது. கிண்ணம் கைமாறுவது மதுக்கூட்டத்தைப் போல இருக்கிறது என்றால், கிண்ணம் கைமாறும் முறையை மாற்றிக்கொள்ளலாம். அதற்காகப் பானம் ஹராம் ஆகாது.

இந்த வாதத்தைப் புத்தகத்தோடு நிறுத்தாமல் சோதித்தே பார்த்தவர் ஒருவர் உண்டு. 1530-களில் கெய்ரோவில் அல் ஸுன்பாத்தி என்ற அறிஞர் காபிக்கு எதிராகப் பேச, பேச்சைக் கேட்ட கூட்டம் காபிக் கடைகளில் புகுந்து பாத்திரங்களை உடைத்து, உட்கார்ந்திருந்தவர்களை அடித்தது. ஊர் இரண்டாகப் பிரிந்தது. ஹனஃபி நீதிபதி முஹம்மது இப்னு இல்யாஸ் முன்னால் விவகாரம் வந்தது. அவர் என்ன செய்தார் தெரியுமா? தன் வீட்டிலேயே காபி போடச் சொன்னார். சிலரைக் கூப்பிட்டுக் குடிக்க வைத்தார். பகலின் பெரும்பகுதி அவர்களோடு உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார். யாராவது உளறுகிறார்களா, தடுமாறுகிறார்களா என்று கவனித்தார். ஒன்றும் நடக்கவில்லை. கூடும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

மக்காவில் நடந்ததையும் கெய்ரோவில் நடந்ததையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே, முடிவை முன்னாலேயே மனசில் வைத்துக்கொண்ட ஓர் அதிகாரி அதற்கு ஏற்ற சாட்சியைத் தேடினார். இங்கே, தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ள ஒரு நீதிபதி அரை நாள் செலவழித்தார். இரண்டு பேரும் மார்க்கத்தின் பெயரால்தான் செயல்பட்டார்கள்.

கரியா, காபியா?

இஸ்தான்புல்லில் முதல் காபிக் கடைகள் 1555 வாக்கில் தஹ்தகலே என்ற பகுதியில் திறக்கப்பட்டன. அலெப்போவிலிருந்து ஹகம், டமாஸ்கஸிலிருந்து ஷம்ஸ் என இரண்டு பேர் வந்து கடை போட்டார்கள் என்று எழுதிவைத்தவர் உஸ்மானிய வரலாற்றாசிரியர் பெச்செவி. கடைகள் நிரம்பி வழிந்தன. பள்ளிவாசல்கள் காலியாகின்றன என்று இமாம்கள் புலம்பினார்கள். இம்முறை ஒரு புது வாதம் வந்தது: கரியாகும் அளவுக்குத் தீய்ந்த பொருளைச் சாப்பிடுவது கூடாது, காபிக்கொட்டையோ கருக வறுக்கப்படுகிறது. கொஞ்ச காலம் இது எடுபட்டது. பிறகு 16-ம் நூற்றாண்டின் கடைசியில், ஷைகுல் இஸ்லாமாக இருந்த போஸ்தான்ஸாதே மெஹ்மத் எஃபெந்தியின் காலத்தில், வறுத்த கொட்டை கரி ஆகிவிடுவதில்லை என்று சொல்லி அந்த வாதமும் ஓரங்கட்டப்பட்டது. டபுள் ரோஸ்ட் காபி குடிப்பவர்கள் நிம்மதியாக இருக்கலாம்.

ஆனால் 1633-ல் சுல்தான் நான்காம் முராத் காபிக் கடைகளை மூடினார், புகையிலையையும் தடை செய்தார். அந்த ஆண்டு இஸ்தான்புல்லில் ஏற்பட்ட பெரும் தீ விபத்து ஒரு சாக்காக அமைந்தது. அவருக்குக் காபிக்கொட்டை மேல் என்ன கோபம்? ஒன்றுமில்லை. காபிக் கடையில் சாதாரண ஆட்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்து அரசாங்கத்தைப் பற்றிப் பேசினார்கள். அதுதான் விஷயம். இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்ல்ஸும் 1675 டிசம்பரில் லண்டன் காபிக் கடைகளை மூட உத்தரவு போட்டார். காரணம், அவதூறும் வதந்தியும் அங்கே பரவுகின்றன என்பது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அவர் யாரிடமும் ஃபத்வா கேட்கவில்லை!

தமிழ்நாடும் இதற்கு விதிவிலக்கு இல்லை. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீராகாரத்தையும் பழைய சோற்றையும் தள்ளிவிட்டுக் காபி அடுப்படிக்குள் நுழைந்தபோது, அது குடும்பத்தைக் கெடுக்கும், உடம்பைக் கெடுக்கும் என்று பத்திரிகைகளில் எவ்வளவு எழுதினார்கள் என்பதை வரலாற்றாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். அதே காலத்தில் காபி ஹோட்டல்களில் யார் எங்கே உட்காரலாம் என்று சாதி பார்த்துப் பலகை மாட்டியதும் நடந்தது. பானத்தைவிட, அதைச் சுற்றி யார் யாரோடு உட்காருகிறார்கள் என்பதுதான் எல்லா ஊரிலும் பிரச்சினையாகியிருக்கிறது. காபியை மார்க்க விதியாகவே விலக்கும் ஒரு சமயப் பிரிவு இன்றும் உண்டு. அது இஸ்லாம் அல்ல. 1833-ல் வந்த ஓர் அறிவுரையைப் பின்பற்றும் அமெரிக்காவின் மார்மன் கிறிஸ்தவர்கள்.

'டிரக்' என்றால் போதைப்பொருளா?

இப்போது அந்த ஃபார்வர்டுக்கு வரலாம். அதன் தவறு பாதி மொழியில் இருக்கிறது. கஃபைனை மருத்துவர்கள் ஆங்கிலத்தில் 'டிரக்' என்று வகைப்படுத்துவார்கள். பாராசிட்டமாலும் அந்த அர்த்தத்தில் டிரக்தான். அதைத் தமிழில் போதைப்பொருள் என்று பெயர்த்துவிட்டால், மெடிக்கல் ஷாப் முழுவதும் ஹராம் ஆகிவிடும். சட்டம் கேட்கும் கேள்வி, 'இதில் ரசாயனம் இருக்கிறதா?' என்பதல்ல. 'இது புத்தியை மறைக்கிறதா?' என்பதுதான்.

'ஆனால் விட முடியலையே, அது அடிமைத்தனம் இல்லையா?' என்று அடுத்த கேள்வி வரும். நியாயமான கேள்வி. பழக்கம் வேறு, போதை வேறு. மூன்று நாள் காபி இல்லாவிட்டால் தலை வலிக்கும், எரிச்சல் வரும் என்பது உண்மை. அதனால் ஒருவர் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்வது நல்லது என்று சொல்லலாம். ஹராம் என்று சொல்ல அது போதாது.

'சந்தேகம் வந்தால் ஹராம் என்று சொல்லிவிடுவது சேஃப்' என்று நினைக்கும் ஒரு போக்கு சோஷியல் மீடியாவில் வளர்ந்திருக்கிறது. அது சேஃப் இல்லை. தனக்குத் தெரியாததை ஒருவர் ஒதுக்கிக்கொள்வது பேணுதல். அதையே மற்றவர் தலையில் சட்டமாகக் கட்டுவது வேறு. ஆதாரமில்லாமல் இது ஹலால், இது ஹராம் என்று நாவால் சொல்லித் திரிவதைத் திருக்குர்ஆனின் 16-வது அத்தியாயம் 116-வது வசனம் கண்டிக்கிறது. கண்டிப்பு இரண்டு பக்கத்துக்கும்தான். இதைச் சொல்லும் ஃபார்வர்டு மட்டும் ஏனோ வருவதில்லை.

அப்போ எங்கேதான் கவனம் வேண்டும்?

நிஜமாகவே விசாரிக்க வேண்டிய இடங்கள் உண்டு. ஐரிஷ் காபியில் விஸ்கி இருக்கிறது. அது கூடாது, பேச்சே இல்லை. பெரிய கஃபேக்களில் சில இனிப்புகளிலும் சிரப்புகளிலும் மது சேர்வது உண்டு. டிராமிசுவில் ரம் ஊற்றுவார்கள். கேட்டுவிட்டு ஆர்டர் செய்வதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

புனுகுப்பூனை தின்று வெளியேற்றும் கொட்டையிலிருந்து எடுக்கும் 'கோபி லூவாக்' பற்றியும் கேள்வி எழுந்தது. 2010-ல் இந்தோனேசியாவின் உலமா கவுன்சில் இதை ஆராய்ந்தது. கொட்டை சிதையாமல் முழுசாக இருக்கிறது, அசுத்தம் மேலே ஒட்டியதுதான், கழுவிவிட்டால் ஹலால் என்று ஃபத்வா கொடுத்தது. அந்தப் பூனைகளைக் கூண்டில் அடைத்து வதைப்பது பற்றிய கேள்வி மிச்சம் இருக்கிறது. பூனையின் பாடு கொட்டையைக் கழுவுவதால் தீராது.

உடலுக்குத் தீங்கு செய்துகொள்ளக் கூடாது என்பதும் மார்க்கத்தின் விதிதான். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் வரை கஃபைன் பிரச்சினை தராது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்கிறது. கர்ப்பிணிகளுக்கு 200 மில்லிகிராம். படபடப்பு, நெஞ்செரிச்சல், தூக்கமின்மை இருப்பவருக்கு டாக்டர் 'காபியை நிறுத்துங்க' என்று சொன்னால், அவரளவில் கணக்கு மாறுகிறது. அது அந்த நபருக்கான பதில். பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு அல்ல.

கடைசியாக நோன்பு. பகலில் காபி குடித்தால், வேறு எதைக் குடித்தாலும் முறிவதுபோல நோன்பு முறியும். கஃபைனுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. முதல் இரண்டு மூன்று நாட்களில் மதியத்துக்கு மேல் மண்டையைப் பிளக்கும் தலைவலிக்குப் பசி மட்டும் காரணமில்லை. கடைசிக் காபிக்குப் பிறகு 12 முதல் 24 மணி நேரத்துக்குள் அந்தத் தலைவலி ஆரம்பிக்கலாம். ரமலானுக்கு ஒரு வாரம் முன்னாடியே நாலு டம்ளரை மூன்றாக்கி, மூன்றை ஒன்றாக்கி வந்தால் பாதிக் கஷ்டம் குறையும். நோன்பு திறந்தவுடன் வெறும் வயிற்றில் ஸ்ட்ராங் காபியை ஊற்றாமல், தண்ணீரும் பேரீச்சம்பழமும் கஞ்சியும் உள்ளே போன பிறகு, தராவீஹ் தொழுகைக்கு முன்னால் ஒரு சின்ன டம்ளர் போதும். யேமன் சூஃபிகள் குடித்ததும் ஏறக்குறைய அந்த நேரத்தில், அதே காரியத்துக்குத்தான்.